செடிக்குள் ஒரு தண்ணீர்க் குழாய்: உங்கள் மானிட்டரில்!

"கேம்ஸ், பாட்டு, சினிமா தவிர கம்ப்யூட்டரில் வேறு என்ன செய்யலாம்?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானிகள் பார்க்கும் அதே படத்தை நீங்களும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். எந்த சாஃப்ட்வேரும் வாங்க வேண்டாம். இன்டர்நெட் இணைப்பும் பிரவுசரும் போதும். இந்த மாதம் நாம் பார்க்கப்போவது பாலக்கீரையின் தண்ணீர்க் குழாய்!

செல்லின் சவ்வு கொழுப்பால் ஆனது. அதன் வழியே தண்ணீர் வேகமாகச் செல்ல வேண்டுமானால் வழி வேண்டும். அந்த வழியாக அமைந்திருக்கும் புரதத்தின் பெயர் அக்வாபோரின். 1992-ல் பீட்டர் ஏகரும் அவருடைய குழுவினரும் இதைத் தவளை முட்டையில் சோதித்தார்கள். இந்தப் புரதம் சேர்க்கப்பட்ட முட்டைகள், நீர்த்த கரைசலில் போட்டதும் தண்ணீரை உறிஞ்சி வெடித்துவிட்டன. மற்ற முட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்தக் கண்டுபிடிப்புக்காக ஏகருக்கு 2003-ம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

மனிதனிடம் அக்வாபோரினுக்கான மரபணுக்கள் (ஜீன்கள்) 13 உள்ளன. நெல்லில் 33. கடுகு குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் 35! தாகம் எடுத்தால் நாம் எழுந்து போய் தண்ணீர் குடிக்கிறோம். செடியால் முடியாதே. நின்ற இடத்திலேயே சமாளிக்க வேண்டியிருப்பதால் அதற்கு இத்தனை குழாய்கள் தேவைப்படுகின்றன என்று நினைக்கிறேன்.

இனி மவுஸைக் கையில் எடுங்கள். ஆர்சிஎஸ்பி டாட் ஓஆர்ஜி என்ற தளத்திற்குச் செல்லவும். இது 1971-ல் தொடங்கிய புரோட்டீன் டேட்டா பேங்க். தேடல் கட்டத்தில் 1 என்ற எண், இசட் என்ற ஆங்கில எழுத்து, 98 என்ற எண் ஆகியவற்றை இடைவெளி விடாமல் டைப் செய்து என்டர் தட்டவும். வரும் பக்கத்தில் படத்திற்குக் கீழே முப்பரிமாணத்தில் பார்ப்பதற்கான லிங்க் இருக்கும். அதைக் கிளிக் செய்யவும். இடது பட்டனை அழுத்திக்கொண்டு மவுஸை நகர்த்தினால் படம் சுழலும். சக்கரத்தை உருட்டினால் பெரிதாகும். முதலில் நூடுல்ஸ் போலத்தான் தெரியும், பயப்பட வேண்டாம்!

மவுஸ் முனையை ரிப்பன்களின் மேல் மெதுவாகக் கொண்டு செல்லுங்கள். ஒவ்வொரு இடத்தின் பெயரும் எண்ணும் படத்தின் ஓரத்தில் தெரியும். எல்.இ.யு. 197 என்று வரும் இடத்தில் நிறுத்துங்கள். அதுதான் லியூசின். குழாயின் வாயை அடைத்திருக்கும் தக்கை அது. ஆம், நீங்கள் பார்ப்பது மூடிய குழாய். 2006-ல் 'நேச்சர்' இதழில் வெளியான படம் இது. திறந்த குழாயைப் பார்க்க வேண்டுமானால் 2, பி, 5, எஃப் என்று சேர்த்து டைப் செய்யவும். அது அவ்வளவு துல்லியமான படம் அல்ல.

இது எப்படி மூடுகிறது? புரோகிராம் எழுதுபவர்களுக்கு இது 'இஃப்' கட்டளை போலத் தெரியும். வறட்சி வந்தால் புரதத்தின் இரண்டு இடங்களில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட் கழற்றப்படுகிறது. உடனே ஒரு வளையம் சரிந்து வாயை மூடுகிறது. இந்தக் குழாய் இருவழிப் பாதை என்பதால் மூடுவது அவசியம். வந்த வழியாகவே தண்ணீர் வெளியேறிவிடலாம் அல்லவா? வெள்ளம் வந்தாலும் இதே கதவுதான், ஆனால் காரணம் வேறு. ஆக்சிஜன் கிடைக்காத வேரின் செல்களுக்குள் அமிலத்தன்மை கூடுகிறது. 193-ம் இடத்தில் உள்ள ஹிஸ்டிடின் அதை உணர்ந்து கதவை மூடிவிடும். தேங்கிய தண்ணீரில் நிற்கும் செடி வாடிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் கூடுதலாக ஒரு ஜீனைச் சேர்த்தால் வறட்சியைத் தாங்கும் பயிர் கிடைத்துவிடுமா? இப்படி யாராவது சொன்னால், எந்த ஜீன், எந்தச் செடி என்று கேளுங்கள். 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், அராபிடாப்சிஸின் பிஐபி1பி என்ற ஜீனைப் புகையிலைச் செடியில் சேர்த்து அதிகமாக வேலை செய்ய வைத்தார்கள். தண்ணீர் தாராளமாகக் கிடைத்தபோது செடி நன்றாக வளர்ந்தது. உப்புத்தன்மையில் எந்தப் பயனும் இல்லை. வறட்சியிலோ, சாதாரணச் செடியைவிடச் சீக்கிரமாக வாடியது!

2009-ல் தக்காளியில் கிடைத்த முடிவு நேர்மாறானது. அங்கே அதிகமாக்கப்பட்டது டிஐபி2;2 என்ற ஜீன். இதன் குழாய் செல்லின் வெளிச்சவ்வில் இல்லை. செல்லுக்குள்ளே தண்ணீர்த் தொட்டி போல இருக்கும் நுண்குமிழின் சவ்வில் இருக்கிறது. வறட்சியிலும் உப்பிலும் அந்தச் செடிகள் கூடுதலாகக் காய்த்தன.