மழைத்துளியில் விளக்கு எரியுமா?

ஈப்போவில் பிற்பகல் மூன்று மணிக்கு வானம் இருண்டுவிட்டால், கூரைமேல் உள்ள சோலார் தகடு ஏறக்குறைய உறங்கிப்போகும். "மழைதான் கொட்டுகிறதே, அதிலிருந்தே மின்சாரம் எடுத்தால் என்ன?" என்ற கேள்வி எழுவது இயல்பு. தோட்டத்தை விட்டுத் தாமான்களில் குடியேறிய நம்மவர்களில், சேமநிதிப் பணத்தை எடுத்துத் தகடு வாங்க யோசிப்பவர்களும் உண்டு. ஆகவே இதற்கான பதிலைச் சற்றுத் தெளிவாகவே பார்க்கலாம்.

முடியும் என்கிறது ஆய்வுக்கூடம். மழைத்துளி உருண்டோடும்போது உண்டாகும் உராய்வு மின்னூட்டத்தைப் பிடிக்கும் மெல்லிய படலத்தை, 2018இல் சீனாவின் சூச்சோவ் பல்கலைக்கழகத்தினர் சோலார் செல்லின் மேலேயே பொருத்திக் காட்டினர். 2020இல் ஹாங்காங் நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 15 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்த ஒரே துளியால் 100 சிறு எல்இடி விளக்குகளை ஒளிரவைத்தனர். செய்தியைப் படித்தவர்கள் வியந்தார்கள். ஆனால் அவை ஒளிர்ந்தது கண் சிமிட்டும் நேரம்தான்.

கணக்கு இதோ. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டர் கூரையில் 2,500 கிலோ நீர் விழுகிறது. துளியின் வேகம் வினாடிக்கு 8 மீட்டர் என்றால், ஓராண்டு மழையின் மொத்த ஆற்றல் சுமார் 22 வாட்-மணி. ஒரு துளிகூட வீணாகாமல் பிடித்தாலும், 10 வாட் விளக்கு இரண்டு மணி நேரம் எரியும். அவ்வளவே! அதே அளவுள்ள சோலார் தகடு நல்ல வெயிலில் ஒரே நாளில் அரை யூனிட்டுக்கு மேல் தரும். அதே விளக்கு 50 மணி நேரம் எரியலாம்.

அப்படியானால் மழையால் பயனில்லையா? உண்டு, அதற்கு உயரமும் பரப்பும் வேண்டும். அந்த 2,500 கிலோ நீரே 100 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால், ஆற்றல் ஏறத்தாழ முப்பது மடங்காகிறது. மலைக்காடுகளில் பெய்யும் மழையையெல்லாம் ஆறு ஒன்றுதிரட்டித் தருகிறது. கோலகங்சாருக்கு வடக்கே, பேராக் ஆற்றின் செண்டரோ அணையில் 1930இலேயே இப்படி மின்சாரம் எடுத்தார்கள். அது கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்குப் போனது. பல தோட்ட லயங்களில் அப்போது மண்ணெண்ணெய் விளக்குதான். பின்னர் அதே ஆற்றின் மேற்பகுதியில் எழுந்த தெமெங்கோர் நிலையத்தின் திறன் 348 மெகாவாட்.

மழையும் வெயிலும் கைகோர்க்கும் இடமும் இந்த அணைகள்தாம். பகலில் வெயில் மின்சாரம் தரும்போது மதகை மூடி நீரைச் சேமிக்கலாம். மாலையில், எல்லா வீட்டிலும் விளக்கும் விசிறியும் ஓடும்போது திறந்துவிடலாம். தெனாகா நேஷனலின் அணை நீர்த்தேக்கங்களில் 2,500 மெகாவாட் அளவுக்கு மிதக்கும் சோலார் அமைக்கும் யோசனை, 2023இல் அரசாங்கம் வெளியிட்ட தேசிய எரிசக்தி உருமாற்றத் திட்டத்தில் இடம்பெற்றது.

வீட்டுக் கூரைக்கு வெயில் தகடு போதும். மழையிலும் மின்சாரம் தரும் என்று யாராவது விற்க வந்தால், வோல்டேஜ் எவ்வளவு என்று கேட்காதீர்கள். மாதத்திற்கு எத்தனை யூனிட் என்று கேளுங்கள். கூரையில் விழும் நீரைத் தொட்டியில் பிடித்தால் பூச்செடிக்காவது ஆகும்.