வீரரின் பெயர், வீரரின் தொழில்

ராணுவ வீரர்கள் நாட்டின் எல்லையைக் காக்கிறார்கள். பனிமலையில் நிற்கிறார்கள். பாலைவனத்தில் நிற்கிறார்கள். சண்டையில் சிலர் காயம் அடைகிறார்கள். சிலர் கண்ணிவெடியில் காலை இழக்கிறார்கள். சிலருக்குப் பார்வை போய்விடுகிறது. சிலருக்கு முதுகெலும்பில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாமல் போகிறது.

அதன் பிறகு அவர்கள் என்ன செய்கிறார்கள்?

நம் முப்படைகளிலிருந்து ஆண்டுதோறும் ஏறக்குறைய 60,000 பேர் ஓய்வு பெறுகிறார்கள். பெரும்பாலோர் 35 முதல் 45 வயதுக்குள் இருப்பவர்கள். அந்த வயதில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். பெற்றோருக்கு வயதாகியிருக்கும். ஊனமுற்ற வீரருக்கு ஓய்வூதியம் உண்டு. ஆனால் ஓய்வூதியம் மட்டும் போதாது. மனிதனுக்கு உழைப்பு வேண்டும். உழைப்பால் வரும் மதிப்பும் வேண்டும்.

பலரும் வேலை தேடுகிறார்கள். இன்னொரு வழியும் இருக்கிறது. சொந்தமாக ஒரு தொழில் தொடங்கலாம். அந்தத் தொழிலுக்கு அரசே வாடிக்கையாளராக வரலாம்.

அரசு என்ன வாங்குகிறது?

அரசு மிகப் பெரிய வாடிக்கையாளர். மருத்துவமனைக்குப் போர்வை வாங்குகிறது. பள்ளிக்கு மேசை, நாற்காலி வாங்குகிறது. அலுவலகத்துக்குக் காகிதம் வாங்குகிறது. பொருள் மட்டும் அல்ல, வேலையையும் வாங்குகிறது. கட்டடத்தைக் காவல் காக்க ஆள் வேண்டும். கூட்டிப் பெருக்க ஆள் வேண்டும். வாடகைக்கு வண்டி வேண்டும். சுரங்கத்திலிருந்து நிலக்கரி ஏற்றிப் போக லாரி வேண்டும்.

இவற்றை அரசு டெண்டர் மூலம் வாங்குகிறது. "இந்தப் பொருள் வேண்டும், என்ன விலைக்குத் தருவீர்கள்?" என்று கேட்பதுதான் டெண்டர். பொதுவாக, தகுதி உள்ளவர்களில் குறைந்த விலை சொன்னவருக்கு ஒப்பந்தம் கிடைக்கும்.

இதில் ஊனமுற்ற வீரருக்கு ஒரு சிரமம் உண்டு. மற்றவர்கள் ஊரில் தொழில் பழகிய 15 ஆண்டுகளை அவர் எல்லையில் கழித்தார். அவரிடம் முதல் குறைவு. வியாபாரப் பழக்கம் குறைவு. இடையிடையே மருத்துவமனைக்கும் போக வேண்டும். பெரிய கம்பெனியோடு நேருக்கு நேர் போட்டி போட்டால் அவர் தோற்றுப்போவார். அவருடைய திறமை குறைவு என்பது இதற்குக் காரணம் அல்ல. ஓட்டத்தைத் தாமதமாகத் தொடங்கியதுதான் காரணம். அதனால்தான் அரசு சில வாசல்களைத் தனியாகத் திறந்து வைக்கிறது.

என்னென்ன வாசல்கள்?

புதுடெல்லியில் ஓர் அலுவலகம் இருக்கிறது. மறுவாழ்வுத் தலைமை இயக்ககம் என்று அதைச் சொல்லலாம். டி.ஜி.ஆர். என்பது அதன் சுருக்கப் பெயர். இது பாதுகாப்பு அமைச்சகத்தைச் சேர்ந்தது. முன்னாள் படைவீரர்களுக்கு வேலை, பயிற்சி, சுயதொழில் ஆகியவற்றுக்கு உதவுவது இதன் பணி.

முதல் வாசல் நிலக்கரி. கோல் இந்தியா என்பது அரசு நிறுவனம். அதன் சுரங்கங்களில் நிலக்கரியை ஏற்றி இறக்கும் வேலைக்கு, முன்னாள் படைவீரர்கள் சேர்ந்து நடத்தும் கம்பெனிகளை டி.ஜி.ஆர். பரிந்துரை செய்து வந்திருக்கிறது. ஊனமுற்ற வீரர்களுக்கும் வீரர்களின் விதவைகளுக்கும் இதில் ஒரு தனித் திட்டம் வகுக்கப்பட்டது. அவர் ஒரு தொகையைக் கம்பெனியில் முதலாகப் போடுவார். அவர் கணக்கில் ஒரு டிப்பர் லாரி சேர்க்கப்படும். லாரியைக் கம்பெனி ஓட்டும். அவருக்கு மாதந்தோறும் பணம் வரும். ஐந்து ஆண்டுகள் முடிந்ததும் போட்ட முதல் திரும்ப வரும். லாரி ஓட்ட முடியாதவரும் லாரித் தொழிலில் பங்கு பெற இது ஒரு வழி.

இரண்டாவது வாசல் பெட்ரோல் பங்க்கும் சமையல் எரிவாயு ஏஜென்சியும். இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகியவை அரசுத் துறை நிறுவனங்கள். இவை ஏஜென்சி கொடுக்கும்போது படைவீரர் பிரிவுக்கு இடம் ஒதுக்குவது வழக்கம். அதில் விண்ணப்பிக்க டி.ஜி.ஆர். தகுதிச் சான்று தேவை. 1999-ல் கார்கில் போர் நடந்தது. அதன் பிறகு ஒரு சிறப்புத் திட்டம் வந்தது. அந்தப் போரில் உயிர் நீத்த வீரர்களின் குடும்பங்களுக்கும், நிரந்தரமாக ஊனமுற்ற வீரர்களுக்கும் பெட்ரோல் பங்க்குகளும் எரிவாயு ஏஜென்சிகளும் கொடுக்கப்பட்டன.

மூன்றாவது வாசல் காவல் பணி. முன்னாள் படைவீரர்கள் நடத்தும் காவல் நிறுவனங்களை டி.ஜி.ஆர். பதிவு செய்கிறது. அரசுத் துறை நிறுவனங்களுக்குக் காவலர்கள் தேவைப்படும்போது இந்த நிறுவனங்களைப் பரிந்துரை செய்கிறது.

நான்காவது வாசல் எல்லாச் சிறு தொழில்களுக்கும் பொதுவானது. 2012-ல் மத்திய அரசு ஒரு கொள்முதல் கொள்கையைக் கொண்டுவந்தது. கொள்முதல் என்றால் வாங்குதல். மத்திய அரசின் துறைகளும் நிறுவனங்களும் தாங்கள் வாங்குவதில் ஒரு பங்கைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும் என்றது அந்தக் கொள்கை. முதலில் அந்தப் பங்கு 100-க்கு 20. பிறகு 2018-ல் வந்த அறிவிப்பில் 100-க்கு 25 ஆனது. அதற்குள் ஆதிதிராவிடர், பழங்குடியினர் நடத்தும் தொழில்களுக்கு 4. பெண்கள் நடத்தும் தொழில்களுக்கு 3.

இதில் ஊனமுற்ற வீரருக்கென்று தனிப் பங்கு இல்லை. ஆனால் அவர் சிறு தொழில் நடத்தினால் இந்தப் பயன் அவருக்கும் உண்டு. அவருடைய மனைவி உரிமையாளராக இருந்து நடத்தினால் பெண்களுக்கான பங்கும் உண்டு.

ஒரு கணக்குப் பார்ப்போம்

ஓர் அரசு நிறுவனம் 100 நாற்காலிகள் வாங்கப்போகிறது. ஒரு பெரிய கம்பெனி ஒரு நாற்காலிக்கு 1,000 ரூபாய் விலை சொல்கிறது. அதுதான் குறைந்த விலை. ஒரு வீரர் தம் சிறிய பட்டறையில் நாற்காலி செய்கிறார். அவர் 1,100 ரூபாய் சொல்கிறார்.

இந்தக் கொள்கை இல்லாவிட்டால் அவர் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியிருக்கும். இந்தக் கொள்கையின்படி, அவர் சொன்ன விலை குறைந்த விலையைவிட 100-க்கு 15-க்கு மேல் கூடாமல் இருந்தால் அவருக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. 1,000 ரூபாய்க்கு 15 பங்கு கூட்டினால் 1,150. அவர் சொன்னது 1,100. எனவே அவரைக் கூப்பிடுவார்கள். "1,000 ரூபாய்க்குத் தர முடியுமா?" என்று கேட்பார்கள். சம்மதித்தால் 25 நாற்காலிகள் வரை அவருக்குக் கிடைக்கலாம்.

இங்கே கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். மரம், ஆணி, கூலி, வண்டி வாடகை எல்லாம் சேர்த்து 1,000 ரூபாய்க்குள் அடங்குமா? அடங்கினால் சம்மதிக்கலாம். அடங்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். ஒப்பந்தம் கிடைத்து நட்டப்படுவதைவிட அது நல்லது.

சிறு தொழிலுக்கு டெண்டர் படிவம் இலவசம். முன்வைப்புத் தொகையும் கட்ட வேண்டியதில்லை. ஆனால் பொருளைத் தாமே செய்பவருக்கும் சேவை தருபவருக்கும்தான் இந்தச் சலுகைகள். ஓர் இடத்தில் வாங்கி இன்னோர் இடத்தில் விற்பவருக்கு இல்லை.

இதற்கு முதலில் உத்யம் பதிவு செய்துகொள்ள வேண்டும். இந்தப் பதிவு 2020-ல் தொடங்கியது. இதற்குக் கட்டணம் கிடையாது. ஜெம் என்பது 2016-ல் அரசு தொடங்கிய கணினிச் சந்தை. அரசு அலுவலகங்கள் அதில் பொருள் வாங்குகின்றன. அதிலும் பதிவு செய்துகொள்ளலாம்.

பொருள் கொடுத்த பிறகு பணம் வராமல் இழுத்தடித்தால் என்ன செய்வது? 2006-ம் ஆண்டின் சட்டம் இதற்கு வழி சொல்கிறது. குறு, சிறு தொழிலுக்குத் தர வேண்டிய பணத்தை, பேசிக்கொண்ட நாளுக்குள் தர வேண்டும். அந்தத் தவணை 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வட்டியோடு தர வேண்டும். மாநில வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம்.

பெயரைக் கடன் கேட்பவர்கள்

சலுகை இருக்கும் இடத்தில் தரகரும் இருப்பார். ஒருவர் வீட்டுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் இனிமையாகப் பேசுகிறார். "ஐயா, உங்கள் பெயரில் ஏஜென்சி எடுப்போம். முதல் என்னுடையது. நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். வீட்டில் இருங்கள். மாதம் 10,000 ரூபாய் வீடு தேடி வரும்" என்கிறார்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பின்னால் நடப்பது என்ன? ஒப்பந்தம் வீரரின் பெயரில் இருக்கிறது. வரி கட்டாவிட்டால் நோட்டீஸ் அவர் பெயருக்கு வரும். வேலையாட்களுக்குச் சம்பளமும் வைப்பு நிதியும் கொடுக்காவிட்டால் வழக்கு அவர் மேல் வரும். வங்கிக் கடன் அவர் தலையில் விழும். லாபம் மட்டும் இன்னொருவருக்குப் போகும்.

இதற்கு பினாமி என்று பெயர். பினாமியாக நடத்துவது தெரிந்தால் ஏஜென்சியை ரத்து செய்துவிடுவார்கள். கால் போனது வீரருக்கு. கடைசியில் கெட்ட பெயரும் அவருக்கே.

இந்தத் தொல்லை நம் நாட்டில் மட்டும் இல்லை. அமெரிக்காவிலும் ஊனமுற்ற முன்னாள் வீரர்களின் தொழில்களுக்கு அரசு ஒப்பந்தத்தில் பங்கு உண்டு. 1999-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. அரசு ஒப்பந்தத் தொகையில் 100-க்கு 3 பங்கு இவர்களுக்குப் போக வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். 2023-ல் வந்த சட்டம் அதை 5 ஆக உயர்த்தியது. அங்கேயும் சிலர் வீரரின் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு ஏமாற்றினார்கள். அதனால் இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். தொழிலில் 100-க்கு 51 பங்காவது வீரருடையதா? தொழிலை நடத்தி முடிவு எடுப்பவர் அவர்தானா? இரண்டுக்கும் ஆம் என்றால்தான் சான்று.

நம் வீட்டிலும் இந்த இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

கையெழுத்துக்கு முன்னால்

வீரர் மருத்துவமனையில் இருக்கும்போது தாள் அவர் மனைவியிடம் வரலாம். வீரரின் விதவையிடமும் வயதான தாயிடமும் வரலாம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால்கூடப் போதும். மெதுவாகப் படிக்கலாம். அவசரப்படுத்துகிறவரைக் காத்திருக்கச் சொல்லலாம்.

வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. கைநாட்டும் வைக்கக் கூடாது.

தொகை எழுதாத காசோலையில் கையெழுத்துப் போட்டுத் தரக் கூடாது.

"பவர் பத்திரம்" என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதில் கையெழுத்திட்டால், நம் பெயரில் வாங்கவும் விற்கவும் இன்னொருவருக்கு அதிகாரம் போய்விடும்.

கூட்டுத் தொழில் என்றால், யாருக்கு எத்தனை பங்கு என்று எண்ணிலும் எழுத்திலும் எழுதியிருக்க வேண்டும். நட்டம் வந்தால் யார் ஏற்பது என்றும் எழுதியிருக்க வேண்டும்.

வங்கிக் கணக்கில் யாருடைய கைப்பேசி எண் இருக்கிறது? வீரரின் எண்தான் இருக்க வேண்டும். கைப்பேசியில் வரும் ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது.

கையெழுத்திட்ட ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நகல் வீட்டில் இருக்க வேண்டும்.

எங்கே போய்க் கேட்பது?

தமிழ்நாட்டில் மாவட்டத் தலைநகரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. வேறு மாநிலங்களில் ஜிலா சைனிக் அலுவலகம் என்று கேட்க வேண்டும். முதலில் அங்கே போக வேண்டும். படைவிலகல் சான்று, ஓய்வூதிய ஆணை, மருத்துவக் குழு கொடுத்த ஊனச் சான்று, அடையாள அட்டை ஆகியவற்றை எடுத்துப் போக வேண்டும். ஊனம் ராணுவப் பணியால் ஏற்பட்டது என்று சான்றில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பல சலுகைகள் அந்த ஒரு வரியைப் பொறுத்தவை.

திட்டங்களும் விதிகளும் அவ்வப்போது மாறும். வயது வரம்பு மாறும். தொகை மாறும். எனவே இன்றைய விதி என்ன என்று அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

தொழில் பழக விரும்புகிறவருக்குப் பயிற்சியும் உண்டு. புனே நகரில் கட்கி என்ற இடத்தில் குயின் மேரி தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. 1917-ல் ஊனமுற்ற வீரர்களுக்காகவே அது தொடங்கப்பட்டது. சிறு தொழில் தொடங்குவது பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம்.

நாட்டுக்காக வீரர் தம் உடலில் ஒரு பாகத்தைக் கொடுத்தார். நாடு அவருக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் பிச்சை அல்ல. அவர் பொருள் கொடுக்கிறார், வேலை கொடுக்கிறார், அதற்குரிய விலையை வாங்குகிறார். அந்தத் தொழில் அவர் கையிலேயே இருக்க வேண்டும்.

சேர்ந்து பேசுவோம்

1. உங்கள் ஊரில் முன்னாள் படைவீரர் யார் யார் இருக்கிறார்கள்? அவர்களுக்கு இந்தத் திட்டங்கள் தெரியுமா?

2. ஒரு டெண்டரில் குறைந்த விலை 2,000 ரூபாய். ஒரு சிறு தொழிலாளி 2,250 ரூபாய் சொன்னார். அவருக்கு இன்னொரு வாய்ப்பு உண்டா? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

3. பெயரைக் கொடுத்தால் மாதம் 10,000 ரூபாய் தருவதாக ஒருவர் சொன்னால், அவரிடம் என்னென்ன கேட்பீர்கள்?