கார் போன் பேசுமா?



நள்ளிரவு நேரம். ஆள் நடமாட்டம் இல்லாத சாலை. ஒரு கார் மரத்தில் மோதி நிற்கிறது. ஓட்டியவர் மயங்கிக் கிடக்கிறார். உதவிக்கு ஆளைக் கூப்பிடுவது யார்? 'அந்தக் காரே கூப்பிடும்' என்றால் நம்புவீர்களா?

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1996ஆம் ஆண்டிலேயே இதைத் தொடங்கிவிட்டது. அந்த ஏற்பாட்டின் பெயர் 'ஆன்ஸ்டார்'. மோதலில் காற்றுப்பை விரிந்ததும், காருக்குள் பொருத்திய செல்போன் கருவி உதவி மையத்தைத் தானாகவே அழைக்கும். கார் நிற்கும் இடத்தையும் சொல்லிவிடும். இடம் எப்படித் தெரியும்? வானில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையை வைத்துத்தான்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2018 மார்ச் 31 முதல் புதிதாக அறிமுகமாகும் கார் வகைகளில் 'இ-கால்' என்ற இதே போன்ற கருவி கட்டாயம் ஆனது. பெரிய விபத்து நடந்தால், கார் 112 என்ற அவசர எண்ணை அழைக்கும். விபத்து நடந்த நேரம், இடம், கார் போய்க்கொண்டிருந்த திசை எல்லாவற்றையும் அனுப்பும்.

வாசல் திறந்தால்...

வெளியே பேசும் காருடன் வெளியில் இருப்பவர்களும் பேசலாம் அல்லவா? அதில்தான் ஆபத்து!

2015இல் சார்லி மில்லர், கிறிஸ் வலசெக் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். முன்பே சம்மதித்திருந்த பத்திரிகையாளர் ஒருவர் நெடுஞ்சாலையில் ஜீப் ஓட்டினார். இருவரும் சுமார் 16 கி.மீ. தள்ளி, ஒரு வீட்டில் கணினியுடன் உட்கார்ந்திருந்தார்கள். திடீரென்று ஜீப்பில் ரேடியோ அலறியது. மழையே இல்லை, வைப்பர் ஆடியது! பிறகு, ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தும் வேகம் குறைந்துகொண்டே போனது.

காரணம் என்ன? காருக்குள் பல சிறு கணினிகள் உண்டு. பிரேக், எஞ்சின், ரேடியோ எல்லாம் ஒன்றோடொன்று கம்பிகளால் இணைந்திருக்கும். ரேடியோவுக்கு இணையம் வந்த வழியாகவே இவர்களும் நுழைந்தார்கள். வாசல் திறந்திருந்தால் திருடன் சமையலறை வரை வந்துவிடுவான் இல்லையா? அதே கதைதான்.

உடனே அந்த நிறுவனம் 14 லட்சம் வண்டிகளைத் திருத்த அறிவிப்புக் கொடுத்தது. 2024 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் புதிய கார்கள் அனைத்துக்கும் இணையப் பாதுகாப்பு விதி கட்டாயம் ஆகிவிட்டது.

இனி என்ன?

கார்கள் தங்களுக்குள்ளும் பேசத் தொடங்கிவிட்டன. வளைவுக்கு அப்பால் ஒரு கார் பழுதாகி நின்றால், அது பின்னால் வரும் காரை எச்சரிக்கும். ஐரோப்பாவில் 2019இல் அறிமுகமான ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் காரில் இந்த வசதி உண்டு.

கடைசியாக ஒரு செய்தி. காருக்குள் எத்தனை பேர் என்பதையும் இ-கால் சொல்ல முடியும். எப்படி எண்ணும் தெரியுமா? மாட்டியிருக்கும் சீட் பெல்ட்டுகளை வைத்துத்தான்! பெல்ட் போடாதவர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

எந்தக் காரில் ஏறினாலும் முதல் வேலையாகப் பெல்ட்டை மாட்டுங்கள். அப்பா, அம்மாவுக்கும் நினைவூட்டுங்கள். செய்வீர்கள்தானே?