அஞ்சு ரிவர்ஸ் கியர், ஒரே ஒரு முன் கியர்: நடு எஞ்சின் காருக்குக் கியர்பாக்ஸ் தேடிய கதை

மதுரையில் எனக்கு ஒரு நண்பர். வெல்டிங், ஃபைபர் வேலை இரண்டும் கைவந்தவர். அவருக்கு ரொம்ப நாள் கனவு ஒன்று: ஃபோர்டு ஜிடி40 மாதிரி ஒரு கார் கட்ட வேண்டும். அசல் அல்ல, நகல். சட்டகம் பாதி முடிந்துவிட்டது. எஞ்சின் டிரைவர் முதுகுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் உட்கார வேண்டும். இதைத்தான் நடு எஞ்சின் என்கிறார்கள்.

"எஞ்சின் கிடைச்சிரும். கியர்பாக்ஸ் எதைப் போடுறது?" என்று என்னிடம் கேட்டார். நான் யோசிக்காமல் ஒரு பதில் சொன்னேன். அது தப்பு. அந்தத் தப்பைப் புரிந்துகொள்ளப் போய்ப் படித்ததுதான் இந்தக் குறிப்பு.

முதலில், ட்ரான்ஸ்ஆக்ஸில் என்றால் என்ன?

பழைய அம்பாசடரை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் எஞ்சின், அதை ஒட்டி கியர்பாக்ஸ், அங்கிருந்து வண்டிக்கு அடியில் நீளமாக ஒரு ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், கடைசியில் பின் அச்சில் டிஃபரன்ஷியல். கியர்பாக்ஸ் ஒரு இடம், டிஃபரன்ஷியல் வேறு இடம்.

எஞ்சினே பின் அச்சுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் இந்த நீள ஷாஃப்டுக்கு இடமே இல்லை. கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் இருக்க வேண்டும். அதுதான் ட்ரான்ஸ்ஆக்ஸில். ஏதோ வெளிநாட்டுச் சாமான் என்று நினைக்க வேண்டாம். மாட்டுத்தாவணி வாசலில் நிற்கும் பஜாஜ் ஆட்டோவுக்கு அடியில் குனிந்து பாருங்கள். எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றும் ஒரே கட்டாகப் பின்னால் இருக்கும், இரண்டு பக்கமும் சக்கரத்துக்கு ஷாஃப்ட் போகும். மாருதி 800 தொடங்கி ஸ்விஃப்ட் வரை நம் தெருவில் ஓடும் முன்சக்கர டிரைவ் கார் எல்லாவற்றிலும் ட்ரான்ஸ்ஆக்ஸில்தான்.

அப்படியானால் என்ன பிரச்சினை? ஏதாவது ஒன்றைக் கழற்றிப் பின்னால் மாட்டிவிடலாமே? அங்கேதான் நான் சறுக்கினேன்.

நான் சொன்ன தப்பான பதில்

முன்சக்கர டிரைவ் காரில் எஞ்சின் முன்னால், ஓட்டுபவர் அதற்குப் பின்னால். அதனால் கியர் மாற்றும் கேபிள் பெட்டியிலிருந்து பின்பக்கமாக உள்ளே வரும். அதே கட்டைத் தூக்கி முதுகுக்குப் பின்னால் வைத்தால் கேபிள் வண்டியின் வாலைப் பார்த்து நிற்கும். "அதனாலென்ன, மொத்தக் கட்டையும் அப்படியே அரை வட்டம் திருப்பி வைங்க, கேபிள் நேரா உங்க கைக்கு வந்துரும்" என்றேன்.

ஒரு சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். அது முன்னால் போகும்போது வலது பக்கம் நின்று பார்த்தால் சக்கரம் கடிகாரச் சுற்றில் சுற்றும். இடது பக்கம் போய் நின்றால் அதே சக்கரம் எதிர்ச்சுற்று. கட்டை அரை வட்டம் திருப்பினால், முன்பு வலது சக்கரத்துக்குப் போன ஷாஃப்ட் இப்போது இடது சக்கரத்துக்குப் போகிறது. எஞ்சின் சுற்றும் திசை எஞ்சினோடு சேர்ந்து திரும்பிவிட்டது. விளைவு, முதல் கியர் போட்டால் வண்டி பின்னால் போகும். அஞ்சு ரிவர்ஸ் கியர், ஒரே ஒரு முன் கியர்! என் பேச்சைக் கேட்டு அவர் மவுண்ட்டுகளை வெல்ட் பண்ணியிருந்தால் சட்டகத்தின் பின்பாதியை வெட்டி எறிந்திருக்க வேண்டியதுதான்.

எனக்கு ஆறுதல், பெரிய கம்பெனிகளும் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் தீர வேண்டியிருந்தது. 1966-ல் வந்த லோட்டஸ் யூரோப்பாவுக்கு ரெனோ 16 காரின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எடுத்தார்கள். ரெனோவில் கியர்பாக்ஸ் மூக்கில், எஞ்சின் அதற்குப் பின்னால். லோட்டஸ் அதைத் திருப்பி வைத்தது. திசை மாறாமலிருக்க உள்ளே கிரவுன் வீலை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிப் பூட்டினார்கள். பினியன் ஒரே திசையில் சுற்றினாலும், கிரவுன் வீல் அதன் இடப்பக்கம் இருந்தால் ஒரு திசை, வலப்பக்கம் இருந்தால் எதிர்த்திசை. அவ்வளவுதான் சூட்சுமம்.

போர்ஷே 911, பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் பெட்டிகளுக்கும் இதே கதை. அவை எஞ்சின் அச்சுக்குப் பின்னால் தொங்கும் வண்டிகள். நடு எஞ்சினுக்குக் கொண்டுவர வேண்டுமானால் கிரவுன் வீலைப் பக்கம் மாற்ற வேண்டும், இல்லையென்றால் பெட்டியையே தலைகீழாக மாட்ட வேண்டும். தலைகீழானால் ஆயில் மட்டம், காற்றுப் போக்கி எல்லாவற்றையும் மறுபடி யோசிக்க வேண்டும்.

கவனிக்க: இந்தக் கிரவுன் வீல் வித்தை எஞ்சின் நீளவாட்டில் இருக்கும் வண்டிகளின் பெட்டிக்குத்தான். ஸ்விஃப்ட் மாதிரி எஞ்சின் குறுக்கே கிடக்கும் கார்களில் கிரவுன் பினியனே கிடையாது, சாதாரண சாய்வுப் பல் கியர்தான். பக்கம் மாற்ற அங்கே ஒன்றுமில்லை. திருப்பாமல் வைப்பது ஒன்றே வழி.

அசல் ஜிடி40 என்ன செய்தது?

1964 லெ மான்ஸ் பந்தயத்தில் மூன்று ஜிடி40 கார்கள் இறங்கின. ஒன்றுகூட முடிக்கவில்லை. ஒன்று தீப்பிடித்தது. மற்ற இரண்டும் கியர்பாக்ஸ் கோளாறால் நின்றன. அப்போது அதில் இருந்தது இத்தாலியின் கொலோட்டி பெட்டி. பிறகு ஜெர்மனியின் இசட்எஃப் அஞ்சு கியர் பெட்டி வந்தது. 1966-ல் ஜெயித்த ஏழு லிட்டர் கார்களுக்கு ஃபோர்டு தன் சொந்த நாலு கியர் பெட்டியைப் போட்டது. எஞ்சின் பலம் ஏறஏற முதலில் கையை விரிப்பது கியர்பாக்ஸ்தான்.

வெளிநாட்டில் நகல் கட்டுபவர்கள் போர்ஷே, ரெனோ, ஆடி பெட்டிகளைத் தேடிப் போகிறார்கள். இதில் ஆடி வசதியானது. அதில் வரிசை எஞ்சின், டிஃபரன்ஷியல், கியர்பாக்ஸ் என்று நீளவாட்டில் இருக்கும். திருப்பாமல் அப்படியே பின்னால் நகர்த்தினால் எஞ்சின் அச்சுக்கு முன்னால், கியர்பாக்ஸ் அச்சுக்குப் பின்னால். நடு எஞ்சின் தானாகவே வந்துவிடுகிறது, திசையும் சரி. நம் ஊரில் ஓடிய முதல் தலைமுறை ஸ்கோடா சூப்பர்பும் இதே நீளவாட்டு அமைப்புதான். ஆனால் உதிரி பாகம் தேடி அலைய வேண்டும், விலையும் கூட.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பெட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது குதிரைத்திறனைக் கேட்பார்கள். கேட்க வேண்டியது டார்க், அதாவது முறுக்கு விசை. 130 நியூட்டன் மீட்டர் தரும் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் என்று வைத்துக்கொள்வோம். முதல் கியர் விகிதம் 3.5, கடைசி விகிதம் 4.1 என்றால் இரண்டையும் பெருக்க 14.35. முதல் கியரில் அச்சுக்கு வருவது 130 × 14.35, அதாவது சுமார் 1,865 நியூட்டன் மீட்டர். பல்லும் ஷாஃப்டும் தாங்க வேண்டியது இதை.

வேகத்துக்கும் இதே மாதிரி. டயர் ஒரு சுற்றுக்கு 1.9 மீட்டர் போகிறது, எஞ்சின் 6,000 சுற்று என்றால், முதல் கியரில் மணிக்கு சுமார் 48 கிலோமீட்டர். அஞ்சாவது கியர் 0.75 என்றால் 222 வரை கணக்கு வரும். (காற்றின் எதிர்ப்பு அதற்கு விடாது. 130 நியூட்டன் மீட்டர் எஞ்சினுக்கு அந்த வேகம் காகிதத்தில் மட்டும்தான்.)

இதே கணக்கைப் போட்டால் மலிவான பெட்டிகள் ஏன் ஆகாது என்று தெரியும். பாஹா எஸ்ஏஇ இந்தியா போட்டிக்குப் போகும் பொறியியல் மாணவர்கள் பலர் மஹிந்திரா ஆல்ஃபா மூணு சக்கர வண்டியின் பெட்டியைப் போடுவார்கள். அங்கே எஞ்சின் 10 குதிரைத்திறன், 3,800 சுற்று. ஆல்ஃபாவின் மொத்த விகிதம் முதல் கியரில் சுமார் 31, நாலாவதில் 7-க்குக் கொஞ்சம் மேல். டாப் கியரில் மணிக்கு 55, 60 கிலோமீட்டர். சேற்றிலும் மேட்டிலும் ஏறும் வண்டிக்கு அருமையான பெட்டி. நம் நண்பரின் காரில் போட்டால் எஞ்சின் கதறும்போதும் வண்டி 100-ஐத் தொடாது.

டாடா நானோ? பின்சக்கர டிரைவ், கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் பின்னால், கேட்கவே இனிக்கிறது. ஆனால் அது 624 சிசி எஞ்சினின் 48 நியூட்டன் மீட்டருக்காகச் செய்த நாலு கியர் பெட்டி. அதன்மேல் 130-ஐ ஏற்றுவது மினி லாரியில் கல் குவாரி லோடு ஏற்றுகிற மாதிரி.

ஒட்டுப்போடும் வேலை

"எஞ்சின் ஒரு கம்பெனி, கியர்பாக்ஸ் வேறு கம்பெனி, நடுவில் ஒரு அடாப்டர் பிளேட்" என்ற யோசனையும் வந்தது. கே.புதூர், கப்பலூர் பக்கம் நல்ல லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. பிளேட் வெட்டுவது கஷ்டமில்லை, மையம் பிடிப்பதுதான் கஷ்டம். கிராங்க் ஷாஃப்டின் மையமும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்டின் மையமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். சுமார் 0.1 மில்லிமீட்டர் விலகினாலே யோசிக்க வேண்டிய விஷயம். இல்லையென்றால் கிளட்ச் உதறும், பேரிங் போகும், கியர் நழுவும். டயல் இண்டிகேட்டர் வைத்துப் பார்க்காமல் போல்ட் முடுக்கக் கூடாது. இதோடு கிளட்ச் பிளேட்டின் பல்லும் ஸ்டார்ட்டர் மோட்டாரின் இடமும் பொருந்த வேண்டும்.

இங்கேயும் திசை வந்து நிற்கும். பெரும்பாலான எஞ்சின்கள் ஒரே பக்கம்தான் சுற்றும். 1998-ல் இங்கு வந்த முதல் ஹோண்டா சிட்டியின் டி வரிசை எஞ்சின் எதிர்ச்சுற்று. அதை வேறு கம்பெனிப் பெட்டியோடு கட்டினால் மறுபடி அஞ்சு ரிவர்ஸ்.

எஞ்சினும் பெட்டியும் ஒரே காரிலிருந்து ஜோடியாக எடுத்தால் இந்தத் தலைவலி எல்லாம் போய்விடும். அப்புறம் மிச்சமிருப்பது மூன்று வேலை.

ஒன்று, கேபிள். வாலைப் பார்த்து நிற்பதை வளைத்து முன்னால் கொண்டுவர நீளமான கேபிள் வேண்டும். வளைவு பெரிதாக இருக்க வேண்டும். இறுக்கமாக மடக்கினால் கியர் விழாது. கேபிள் இழுக்கும் திசை மாறிவிட்டால் கியர் வரிசையும் மாறிப்போகும், லிவர் பக்கம் அதைச் சரிசெய்ய வேண்டும்.

இரண்டு, ஷாஃப்ட். டிஃபரன்ஷியல் மையமும் சக்கர மையமும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் வர வேண்டும். சஸ்பென்ஷன் மேலும் கீழும் போகும்போது ஜாயின்ட் எவ்வளவு சாய்கிறது, எவ்வளவு உள்ளே வெளியே நகர்கிறது என்று ஸ்ப்ரிங் இல்லாமல் கையால் தூக்கிப் பார்த்து அளக்க வேண்டும்.

மூன்று, இதுதான் உயிர் விஷயம். முன்சக்கர ஹப்பைப் பின்னால் மாட்டினால் அதில் ஸ்டியரிங் திரும்புவதற்கான கை இருக்கும். அதை உறுதியான இணைப்புக் கம்பியால் சட்டகத்தோடு கட்ட வேண்டும். அந்த இணைப்பு தளர்ந்தால் வளைவில் பின்சக்கரம் தானாகத் திரும்பும், வண்டி கைக்கு அடங்காது.

நம் பக்கத்து முன்னோடி

இந்த யோசனையெல்லாம் புதிது அல்ல. கோயம்புத்தூர் கரிவரதன் 1980-களின் இறுதியில் மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டினார். ஃபார்முலா மாருதி. நரேன் கார்த்திகேயனின் முதல் பந்தயம் அதில்தான். இறக்குமதிப் பந்தய எஞ்சினுக்குக் காத்திருக்காமல், தெருமுனை மெக்கானிக் பிரிக்கத் தெரிந்த எஞ்சினை எடுத்துக்கொண்டதால்தான் பல இளைஞர்கள் பந்தயத்துக்கு வர முடிந்தது. 1995-ல் அவர் விமான விபத்தில் இறந்தார். செட்டிப்பாளையத்தில் 2003-ல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயர்தான்.

அந்தப் பெயரைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. நண்பரின் கார் மதுரைத் தெருவில் ஓட முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. புதிதாகச் செய்த வண்டி என்றால் சோதனை நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், ஒற்றை ஆள் கட்டும் காருக்கு அது எட்டாத செலவு. ஒரு பழைய ஆர்.சி. புக்கை வைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கையை விரித்துவிடும், அடிபட்டவருக்கும் பதில் சொல்ல முடியாது. ட்ராக்கில் ஓட்டக் கட்டும் கார் என்று ஒப்புக்கொண்டு தொடங்குவதே நல்லது.

நண்பர் கடைசியில் என்ன முடிவெடுத்தார்? குறுக்கு எஞ்சின் முன்சக்கர டிரைவ் கார் ஒன்றின் எஞ்சின், பெட்டி, ஷாஃப்ட், ஹப், ஈசியூ, வயரிங் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து. திருப்பாமல். பின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஜிடி40-இன் நீளவாட்டு வி8 தெரியாது, ஒரு சாதாரணக் குடும்பக் காரின் எஞ்சின் குறுக்கே படுத்திருக்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மவுண்ட்டை வெல்ட் பண்ணுவதற்கு முன் ஒரு காரியம் செய்தார். கட்டைச் சட்டகத்தில் கட்டைகளால் முட்டுக்கொடுத்து நிறுத்தி, முதல் கியர் போட்டு, எஞ்சின் தானாகச் சுற்றும் திசையில் கிராங்கை ஸ்பேனரால் மெதுவாகச் சுற்றினார். நான் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சக்கரம் முன்னால் சுற்றியது.

நீங்களும் இப்படி ஏதாவது கட்டுவதாக இருந்தால் வெல்டிங் ராடை எடுப்பதற்கு முன் இந்த ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். பத்து நிமிஷ வேலை.