யாருக்கு அளவெடுப்பது?

சைக்கிள் வாங்குவதில் நமது வீடுகளில் ஒரு சம்பிரதாயம் உண்டு. குடும்பத் தலைவர் கடைக்குச் செல்வார். தமது உயரத்துக்கும் தமது மனத்துக்கும் பிடித்த வண்டியொன்றை வாங்கி வருவார். "இனிமேல் வீட்டில் எல்லோரும் ஓட்டலாம்" என்று அறிவிப்பார். சில மாதங்களில் அந்த வண்டி மாடிப்படியின் கீழ்த் தஞ்சம் புகுந்துவிடும். பெண்டு பிள்ளைகளின் சோம்பலே காரணம் என்று பழி சொல்லப்படும். உண்மைக் காரணமோ பெரும்பாலும் சோம்பல் அல்ல, அளவுதான்.

மாலை வேளைகளில் குடும்பத்துடன் உலாவ விரும்புவோருக்கு 'ஹைப்ரிட்' சைக்கிள் ஏற்றது. பெயரைக் கேட்டு யாரும் மிரள வேண்டியதில்லை. பந்தயச் சைக்கிளின் பெரிய சக்கரமும், மலைப்பாதைச் சைக்கிளின் நேரான கைப்பிடியும் ஒன்றுசேர்ந்த வண்டி அது. குனியாமல் நிமிர்ந்து உட்காரலாம். 35 முதல் 42 மில்லிமீட்டர் அகலமுள்ள அதன் டயர், தார்ச்சாலையில் இலேசாக உருளும். குண்டும் குழியுமான சந்திலும் தடுமாறாது.

கடையில் முதலில் பார்க்க வேண்டியது வர்ணமன்று. வண்டியின் குறுக்குக் கம்பிக்கு இருபுறமும் கால்களைத் தரையில் ஊன்றி நிற்கவேண்டும். உடலுக்கும் கம்பிக்கும் இடையே மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியாவது இருக்கட்டும். பிறகு சீட்டில் அமர்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீளவேண்டும். புதிதாகப் பழகுகிறவர் தைரியம் வரும்வரை சீட்டைச் சற்றே தாழ்த்திக்கொள்ளலாம். ஆனால், சீட்டு ஏறும், இறங்கும். வண்டிச் சட்டத்தின் நீளம் ஒருநாளும் குறையாது. ஆகையால், ஒரே வண்டியைப் பலர் ஓட்டப்போகும் வீட்டில், ஓட்டுவதற்கு அதிகமாகத் தயங்குகிறவர் எவரோ அவருக்கே அளவெடுக்க வேண்டும் என்பது நமது கருத்து. சேலை உடுத்துவோருக்குக் குறுக்குக் கம்பி தாழ்ந்த வண்டியும், சங்கிலியை முழுவதும் மூடும் உறையும் அவசியம். "வளரும் பிள்ளைதானே!" என்று குழந்தைக்குப் பெரிய வண்டி வாங்குவதோ ஆபத்து. அதன் கால் தரையை எட்டாது; விரல் பிரேக்கைப் பற்றாது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ஆம் ஆண்டில் அறிவொளி இயக்கம் நடந்தபோது கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். பெண்களுக்கான வண்டிகள் போதாமற்போகவே, ஆண்கள் சைக்கிளிலேயே ஏறி ஓட்டினார்கள். அவர்களுடைய மன உறுதி போற்றத்தக்கது. ஆயினும், தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கும்போது நம் வீட்டுப் பெண்களுக்கு அந்தச் சிரமத்தை ஏன் வைக்கவேண்டும்?

அடுத்தது கியர். "இருபத்தொரு கியர்!" என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்லுவார். முன்னே மூன்று பல்சக்கரம், பின்னே ஏழு, பெருக்கினால் 21. அவற்றில் பல, ஒன்றைப்போலவே மற்றொன்று இருக்கும். சென்னை, தஞ்சை போன்ற சமதரைக்குப் பின்சக்கரத்து ஏழெட்டுக் கியர்களே போதும். உதகை, ஏற்காடு வாசிகளுக்கு மட்டும் ஏற்றத்துக்கென்று மிக இலேசான கியர் வேண்டும். முன்கவையில் வைக்கும் ஸ்பிரிங்கும் அப்படியே. மலிவு வண்டிகளில் அது பாரத்தைக் கூட்டுமளவுக்குச் சுகத்தைக் கூட்டுவதில்லை. டயரில் அளவாகக் காற்றிருந்தால் சிறு அதிர்ச்சிகளை அதுவே தாங்கிக்கொள்ளும். அந்த அளவு டயரின் பக்கவாட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

இன்னொரு சூட்சுமம்: நமது பழைய கறுப்புச் சைக்கிளின் 28 அங்குலச் சக்கரமும் ஹைப்ரிட்டின் '700 சி' சக்கரமும் பார்வைக்கு ஒன்றாகத் தோன்றும். முன்னதன் டயர் விளிம்பில் அமரும் விட்டம் 635 மில்லிமீட்டர், பின்னதற்கு 622. ஒன்றன் டயர் மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஆதலால் மாற்று டயரும் டியூபும் உள்ளூரில் கிடைக்குமா என்று விசாரித்த பிறகே பணத்தை எண்ணிக் கொடுக்கவேண்டும்.

கியரிலும் ஸ்பிரிங்கிலும் மிச்சமாகும் பணத்தில் தலைக்கவசம், முன்னே வெள்ளை விளக்கு, பின்னே சிவப்பு விளக்கு, மணி, மட்கார்டு ஆகியவற்றை வாங்குங்கள். மட்கார்டும் காரியரும் பொருத்துவதற்குச் சட்டத்தில் துளைகள் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் அந்தத் துளையின் அருமை தெரியும்.

வீதியில் இறங்கியபின் பெரியவர் ஒருவர் முன்னே, மற்றொருவர் பின்னே, குழந்தைகள் நடுவே செல்லட்டும். எல்லோரிலும் மெதுவாக ஓட்டுகிறவர் எவரோ, அவருடைய வேகமே குடும்பத்தின் வேகம். வாங்கும்போது அவரை நினைத்து வாங்கினால், வண்டி மாடிப்படியின் கீழே துருப்பிடிக்காது; வீட்டில் தனியே விடப்பட்டவர் என்று ஒருவரும் இருக்கமாட்டார்.