பேர் பதிவா, கைக்காசா?

"பிள்ளைக்குப் பேர் பதிஞ்சாச்சா?" இறம்பொடைப் பக்கத் தோட்டங்களில் பெரியவர்கள் கேட்டு வந்த கேள்வி இது. செக்ரோலில் பேர் ஏறினால் சேமலாப நிதி, பிரசவ சகாயம், சேவைக்காலப் பணம் எல்லாம் அந்தப் பேரோடு வரும். நமது பாட்டன்மார் காலத்தில் கங்காணியின் கடன் எழுதிய துண்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. அந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது.

இப்போது வேலைக்கு எடுக்கும் முறை மறுபடி மாறுகிறது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக நாட்சம்பளம் 1000 ரூபாவானது. அத்தோடு கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. அதன் பிறகு இரண்டு பேச்சுகள் அதிகமாகக் காதில் விழுகின்றன.

ஒன்று கைக்காசு. பறித்த கிலோவுக்குக் கணக்குப் பார்த்துக் காசு. நிறுவை குறைந்தால் அரைப்பேர் போடுவார்களே என்ற பயம் இதில் இல்லை. கையில் உடனே காசு வருவதால் பலருக்கும் இது பிடிக்கிறது. அதை நாம் குறை சொல்லமாட்டோம். ஆனால் ஒரு விசயம் பலருக்குத் தெரியாது. தோட்டத்தின் கீழ் கிலோக் கணக்கில் பறித்தாலும், தற்காலிகமாக வேலை செய்தாலும் சேமலாப நிதி சேர வேண்டும் என்பதே சட்டம். உங்கள் பங்கு 8 வீதம், தோட்டத்தின் பங்கு 12 வீதம். நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் தனியாக 3 வீதம் கட்ட வேண்டும். "கைக்காசுக்கு அதெல்லாம் இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

மற்றது வெளியார் உற்பத்தி முறை. குடும்பத்துக்கு ஒரு துண்டு மலையைப் பிரித்துக் கொடுப்பார்கள். புல் வெட்டி, கொழுந்து பறித்து, தோட்டத்துத் தொழிற்சாலைக்கே கொடுக்க வேண்டும். உரத்தின் செலவு கொழுந்துக் காசில் கழியும். நேரம் நம் கையில் என்பது உண்மைதான். ஆனால் கொழுந்து விலை நம் கையில் இல்லை, மழையும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் தொழிலாளியா, கொழுந்து விற்பவரா? விற்பவர் என்று எழுதிவிட்டால் சேமலாப நிதி நின்றுபோகும்.

சேவைக்காலப் பணத்தை ஒருமுறை கணக்குப் பாருங்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 5 வருடம் முடித்த நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் உண்டு, அதுவும் கடைசியாக வாங்கிய சம்பள வீதத்தில். நாளுக்கு 1000 ரூபா என்று வைத்தாலே 25 வருடத்துக்கு மூன்றரை லட்சம். பேரை வெட்டினால் அந்தக் கணக்கு அன்றோடு நிற்கும். அப்படி நின்றால் 30 நாளுக்குள் பணத்தைக் கொடுக்க வேண்டும். "பிறகு பார்ப்போம்" என்பது பதிலாகாது.

ஆகவே ஆபிசில் தாளை நீட்டினால் முதலில் கேளுங்கள்: "ஐயா, என் பேர் செக்ரோல்ல இருக்குமா?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளையைக் கூட்டிப் போங்கள். கைநாட்டு வைத்தால் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி, அடையாள அட்டையோடு பத்திரமாக வையுங்கள். சந்தேகம் இருந்தால் தலைவரிடமோ தொழில் திணைக்களத்திலோ காட்டலாம். அதுவரை கையெழுத்து வேண்டாம்.