சேரிக்கு எந்தக் காரணத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள்?

பைபிள் படிப்பு என்று சொன்னாலே நம் முற்போக்கு நண்பர்கள் முகம் சுளிக்கிறார்கள். மதம் மாற்றுகிற கருவி, அதில் பேச என்ன இருக்கு என்பார்கள். சபைக்காரர்களோ, அது ஆத்துமா சங்கதி, அரசியலை உள்ளே கொண்டு வராதே என்பார்கள். இரண்டு தரப்புமே ஒரு கேள்வியைத் தாண்டிப் போய்விடுகின்றன. ஒரு மிஷன் பைபிளைக் கற்பித்தபோது அந்தப் பிரதிக்குள்ளிருந்து எதை எடுத்தது, எதை விட்டது? எங்கள் ஆரணிப் பக்கத்தை வைத்து இதைப் பேசலாம்.

வெளியூர்க்காரர்களுக்கு ஆரணி என்றால் பட்டுப்புடவை. ஆனால் வேதம் வந்து தங்கியது தறி போட்ட தெருக்களில் அல்ல, பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கிராமங்களின் சேரிகளில். (யோபு தன் நாட்களை நெசவுக்காரனின் நாடாவோடு ஒப்பிடுகிற இடம் ஒன்று உண்டு. ஆரணிக்காரனுக்கு அதற்கு விளக்கவுரையே வேண்டாம். கேட்டிருக்க வேண்டிய தெரு கேட்கவில்லை.) 1819-இல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்குப் புறப்பட்ட மருத்துவ மிஷனரி ஜான் ஸ்கடர். அவருடைய பிள்ளைகள் 1853-இல் ஆர்க்காடு மிஷனைத் தொடங்கினார்கள். அதன் தொடக்ககால நிலையங்களில் ஆரணியும் ஒன்று. ஆங்கிலப் பள்ளிக்கூடம் வைத்து மேல்சாதிப் பிள்ளைகளைப் பிடிக்கும் வழியை அவர்கள் ஆரம்பத்தில் ஏற்கவில்லை. தமிழில் பிரசங்கம், ஊர் ஊராகப் போவது, இதுதான் முறை.

1860களின் தொடக்கத்தில் சேரிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வரத் தொடங்கியபோது மிஷன் சில நிபந்தனைகள் வைத்தது. விக்கிரகத்தை விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுநாளாக அனுசரிக்க வேண்டும். செத்த மாட்டின் கறியைத் தின்னக் கூடாது. மூன்று குடும்பங்களாவது ஒப்புக்கொண்டால் உபதேசியார் ஒருவரை அனுப்புவார்கள். சேரிக்கு பைபிள் பாடம் இந்த மூன்று நிபந்தனைகளின் வழியாகத்தான் தொடங்கியது எனலாம்.

புதிதாக வருகிறவர்களுக்கு என்ன நிபந்தனை போடுவது என்பது பைபிளுக்குள்ளேயே ஒரு பெரிய சண்டை. அப்போஸ்தலர் நடபடிகள் 15-ஆம் அதிகாரம் முழுக்க அதுதான். எருசலேமில் கூடி, விக்கிரகத்துக்குப் படைத்தது, இரத்தம், நெரித்துக் கொன்றது, வேசித்தனம் இவற்றை விலக்கினால் போதும் என்று முடிவு செய்கிறார்கள். ஓய்வுநாள் அந்தப் பட்டியலில் இல்லை. அதற்கு ஐந்து அதிகாரங்களுக்கு முன்னால், எதையும் தீட்டென்று சொல்லாதே என்று பேதுருவுக்குத் தரிசனம் வேறு. அப்படியிருக்க சேரிக்குத் தீட்டுப் பக்கம்தான் முதலில் போனது. மேல்சாதிக்காரன் காறித் துப்புகிற அதே இடத்தில் வேதமும் விரலை வைத்தது.

ஆனால் இதை அப்படியே விட்டுவிடவும் முடியாது. செத்த மாட்டை அப்புறப்படுத்துவது சேரி மேல் சுமத்தப்பட்ட ஊர்வேலை. அந்தக் கறி அதற்கான கூலியில் ஒரு பங்கு. கறியை விடுவது என்றால் அந்த வேலையையும் விடுவதற்கு ஒரு வழி. 1927-இல் மகாத் மாநாட்டில் அம்பேத்கர் இதையேதான் கேட்டார். அவர் சொன்ன காரணம் சுயமரியாதை. மிஷன் சொன்ன காரணம் சுத்தம். உத்தரவு ஒன்றுதான், காரணம் வேறு. காரணம் மாறும்போது அதைக் கேட்கிற ஆளும் மாறிவிடுகிறான்.

ஓய்வுநாள் விஷயத்தில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். பத்துக் கட்டளைகள் பைபிளில் இரண்டு இடத்தில் வருகின்றன. யாத்திராகமம் 20-இல் ஓய்வுக்குக் காரணம், கடவுள் ஆறு நாளில் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தார் என்பது. உபாகமம் 5-இல் காரணம் வேறு: நீயும் எகிப்திலே அடிமையாய் இருந்தவன், ஆகவே உன் வேலைக்காரனும் உன்னைப் போலவே ஓயட்டும். ஆண்டை நிலத்தில் பண்ணையாளாக இருந்தவனுக்கு இதில் எது பாடம்? ஞாயிறன்று ஏர் பிடிக்க வரமாட்டேன் என்பது அவனுக்குப் பக்தி மட்டுமல்ல, தகராறு. ஆனால் ஸ்கடர்களின் தாய்ச்சபை ஏற்றுக்கொண்ட 1563-ஆம் வருஷத்து ஹைடல்பர்க் வினாவிடை யாத்திராகமத்து வடிவத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. அதன் 129 கேள்விகளில் ஓய்வுநாளுக்கு ஒரே கேள்வி. பதிலில் சபைக்கு ஒழுங்காகப் போவது உண்டு, பாவச் செயலிலிருந்து ஓய்வது உண்டு. வேலைக்காரன் ஓய்வைப் பற்றிப் பேச்சில்லை.

வினாவிடை என்கிற முறையே கவனிக்கத்தக்கது. கேள்வி, பதில் இரண்டும் ஒரே கையில் இருக்கின்றன. படிக்கிறவனுக்கு மனப்பாடம் மட்டும். ஆனால் எழுத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள் அல்லவா, அங்கேதான் கை நழுவியது. படிக்கத் தெரிந்தவன் சொல்லிக்கொடுத்த பக்கத்தோடு நிற்கமாட்டான்.

ஆரணிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் உட்கார்ந்திருந்த பைபிள் வகுப்பில் உபாகமம் 14 வந்தது. தானாய்ச் செத்ததை நீ தின்ன வேண்டாம், உன் ஊர் வாசலில் இருக்கிற அந்நியனுக்குக் கொடுத்துவிடு என்கிறது 21-ஆம் வசனம். ஒரு வயசான அம்மா கேட்டார்: ‘அந்த அந்நியன் யாரு ஐயா, நாமதானே?’ பாடம் நடத்தியவர் அடுத்த வசனத்துக்குப் போய்விட்டார். அந்த அம்மாவின் கேள்வி, இறையியல் கல்லூரிகள் தாமதமாகக் கேட்கத் தொடங்கிய கேள்வி. 1981-இல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரையிலிருந்துதான் தலித் இறையியலின் கதையை வழக்கமாகத் தொடங்குகிறார்கள். உபாகமம் 26-இல், நாடோடியான மூதாதையை நினைத்துச் சொல்லும் அறிக்கையை அவர் தலித் வரலாற்றோடு வைத்து வாசித்தார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு, பரட்டை என்ற பெயரில், கிராமத்துப் பாட்டுமெட்டையும் பேச்சுமொழியையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். இந்த வாசிப்புகள் எந்த மிஷனையும் கேட்டு வந்தவை அல்ல.

இன்றைக்கும் பல சபைகளில் பைபிள் பாடம் என்பது கோடிட்ட இடத்தை நிரப்புகிற தாள்தான். நிரப்ப வேண்டிய சொல் எது என்பது தாள் அச்சாகும்போதே முடிவாகிவிடுகிறது. உபாகமம் 14-க்கும் ஒரு தாள் பார்த்தேன். எந்தெந்த மிருகம் சுத்தம், எது அசுத்தம் என்று எட்டுக் கேள்விகள். அந்நியனைப் பற்றி ஒன்றுகூட இல்லை.